ஐகோர்ட்டில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. உள்ளே உண்மையில் என்ன வேலை?

வந்தவாசிப்பெண் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடித்துவிட்டு சில வருடமாகப் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் உதவியாளர் பணிக்குத் தேர்வாகிவிட்டேன். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தது, உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்பா தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் "என் பொண்ணு ஜட்ஜ் பக்கத்துல உக்காரப் போறா" என்கிறார். சித்தப்பா ஒரு வரப்புத் தகராறுக்காகப் பல வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவர். "கிளார்க்னா கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி மாடி இறங்கணும், அவ்வளவுதான்" என்கிறார். எங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் இருக்கும் குமாஸ்தாவோ, "ஜட்ஜைவிட செக்‌ஷன்காரங்களுக்குத்தான் பவர், பொழைச்சுக்கோம்மா" என்று கண்ணடிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சட்டம் படித்தவள் இல்லை. தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம் வாசித்தால் புரியும், எழுத பயம். காலையில் போய் உட்கார்ந்தால் என் மேஜைக்கு என்ன வரும், நான் அதை என்ன செய்ய வேண்டும்? உள்ளே இருந்தவர்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஓஎம்ஆர்வாசி எழுதியது:

கவர்ன்மென்ட் வேலை, கோர்ட்டுக்கு மே மாசம் லீவு, நடுவுல தசரா, கிறிஸ்துமஸ் லீவு. இதுல என்ன கேள்வி? ட்ரீட் எப்போ?

பழைய_கட்டு எழுதியது:

மே மாதம் நீதிபதிகளுக்குத்தான் விடுமுறை தம்பி, ஆபீசுக்கு இல்லை. விடுமுறைக்கால அமர்வு நடக்கும், பேப்பர் வரும், செக்‌ஷன் திறந்திருக்கும்.

தங்கச்சி, வாழ்த்துகள். நான் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா சொல்வதில் கால்வாசி சரி. சித்தப்பா சொல்வதில் முக்கால்வாசி சரி. அந்த குமாஸ்தா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதலில் அப்பாவின் கால்வாசி. கோர்ட் ஹாலில் நீதிபதியின் மேடைக்குக் கீழே ஒரு மேஜை இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் கோர்ட் ஆபீசர். அன்றைய பட்டியலில் உள்ள வழக்கை வரிசையாக அழைப்பது, கட்டை மேலே கொடுப்பது, எது தள்ளிவைக்கப்பட்டது, எது முடிந்தது என்று குறித்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்தில் நீதிபதியின் பி.ஏ., அதாவது உத்தரவைச் சுருக்கெழுத்தில் எடுப்பவர். நீதிபதி வரும்போது கோல் ஏந்தி முன்னால் நடப்பவர் சோப்தார். இந்த மூன்றும் வேறு வேறு வேலை. நீங்கள் சேர்ந்தவுடன் இதில் எதற்கும் போக மாட்டீர்கள். உங்களுக்கு ஒரு செக்‌ஷன் ஒதுக்குவார்கள்.

நீங்கள் மாநில அரசின் ஏதோ ஒரு துறை ஊழியர் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 229-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்ற ஊழியர்களை நியமிக்கும் அதிகாரம் தலைமை நீதிபதியுடையது. உதவியாளருக்கு மேலே உதவி செக்‌ஷன் ஆபீசர், செக்‌ஷன் ஆபீசர், அப்புறம் சப் அசிஸ்டென்ட் ரெஜிஸ்ட்ரார், அசிஸ்டென்ட், டெபுடி என்று ஏணி நீளும். உச்சியில் இருக்கும் ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது, போனதும் போய்ப் பாருங்கள். டி. முத்துசாமி ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. சின்ன வயதில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு கிராமக் கணக்கரிடம் எடுபிடியாக இருந்தவர். நாங்கள் புதிதாக வந்தவர்களை அந்தச் சிலை பக்கம் ஒருதரம் கூட்டிக்கொண்டு போவோம். உத்தேசம் ஒன்றுமில்லை, வழி தெரிய வேண்டுமே! 1892-இல் திறந்த கட்டடம். எந்த வளைவும் அடுத்த வளைவு மாதிரியே இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். செக்‌ஷன்கள் நிறைய. ரிட், அப்பீல், கிரிமினல், ஒரிஜினல் சைடு, நகல், ரெக்கார்டு, டெஸ்பாட்ச். எல்லாவற்றையும் எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள். ஒரே ஒரு பேப்பர் உள்ளே வந்து என்ன ஆகிறது என்று சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும்.

மன்னார்குடியில் ஒரு நிலத் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சீப் கோர்ட்டில் ஒருவர் ஜெயித்தார், சப் கோர்ட்டில் மற்றவர் ஜெயித்தார். தோற்றவர் ஐகோர்ட்டுக்கு வருகிறார். இதற்குப் பெயர் செகண்ட் அப்பீல், சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவு. பேப்பர் தாக்கலானதும் ஒரு எஸ்.ஆர். எண் விழும். அது வழக்கு எண் இல்லை, வந்து சேர்ந்ததற்கான அடையாளம் மட்டும். இனிமேல்தான் உங்கள் மேஜை.

முதல் பார்வை, எந்த ஊர். மன்னார்குடி திருவாரூர் மாவட்டம், ஆகவே சென்னை. இதே வழக்கு கும்பகோணத்திலிருந்து வந்திருந்தால் தஞ்சாவூர் மாவட்டம், மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்ததிலிருந்து இந்தக் கோடு உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பஸ் பயணம், ஆனால் வழக்கு ஒன்று வடக்கே போகும், ஒன்று தெற்கே போகும். அடுத்து, இரண்டு கோர்ட்டின் தீர்ப்பு, டிக்ரி (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் ஆணை) இவற்றின் சான்றிட்ட நகல்கள் இருக்கின்றனவா, வக்காலத்தில் கட்சிக்காரர் கையெழுத்தும் வக்கீல் கையெழுத்தும் இருக்கின்றனவா, வக்கீல்கள் நல நிதி முத்திரை ஒட்டியிருக்கிறதா, 1955-ஆம் வருடத்து கோர்ட் கட்டணச் சட்டப்படி கட்டணம் சரியா, கீழ்க் கோர்ட்டில் இருந்த கட்சிக்காரர்கள் எல்லாரும் இங்கேயும் இருக்கிறார்களா. இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு பெயர் விட்டுப்போவது சாதாரணம். ஏழு பிரதிவாதிகளில் ஐந்தாமவர் காணாமல் போயிருப்பார்.

அப்புறம் நாள் கணக்கு. இதுதான் அந்த மேஜையின் உயிர். சான்றிட்ட நகலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒரு முத்திரை இருக்கும். நகல் கேட்டு மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. தீர்ப்பு ஜனவரி 10. ஐகோர்ட்டுக்கு அப்பீல் போட 90 நாள். தீர்ப்பு நாளைச் சேர்க்காமல் எண்ணினால், பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள வருடத்தில், ஏப்ரல் 10-இல் முடிகிறது. ஆனால் நகல் வாங்க ஆன நாளைக் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவு கழித்துக்கொடுக்கிறது. மனு ஜனவரி 20, நகல் தயார் பிப்ரவரி 25 என்றால் இரண்டு நாளையும் சேர்த்து 37 நாள். ஆக, கடைசி நாள் மே 17. கட்டணம் கேட்ட பிறகு கட்டாமல் கட்சிக்காரர் தூங்கியிருந்தால் அந்த நாள் கழியாது. தீர்ப்பு வந்தபின் நகல் மனுவே போடாமல் சும்மா இருந்த நாளும் கழியாது.

மே 17 என்றால் கோடை விடுமுறை. கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் அன்று தாக்கல் செய்தால் போதும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. ஜூனில் கோர்ட் திறந்த அன்றைக்கே வந்தால் தாமதம் பூஜ்யம். மறுநாள் வந்தால் ஒரு நாள் தாமதமா? இல்லை. மே 17-இலிருந்தே எண்ண வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிடும். ஒரு நாள்தானே என்று நினைத்து வந்த எத்தனையோ ஜூனியர் வக்கீல்கள் கவுன்டரில் முகம் வெளுத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களுக்குத் தனியாகத் தாமத மன்னிப்பு மனு வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுக் குறை இருந்தால் குறைகளை எழுதி, இத்தனை நாளுக்குள் சரிசெய்து தரவும் என்று திருப்புவோம். ரிட்டர்ன் என்று சொல்வது இதைத்தான். இங்கே ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாக் குறையையும் முதல் தடவையே எழுதிவிடுங்கள். முதலில் முத்திரை இல்லை என்று திருப்பி, அது சரியாகி வந்ததும் ஐந்தாம் பிரதிவாதி இல்லை என்று திருப்பி, அடுத்து பக்க எண் இல்லை என்று திருப்புகிற ஆள் ஒவ்வொரு ஆபீசிலும் உண்டு. அவர்கள் கறாரான ஆள் என்று பெயர் வாங்கிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் பேப்பரை முழுதாகப் படிக்காதவர்கள், வேறொன்றுமில்லை. நம்முடைய ஒவ்வொரு ரிட்டர்னும் மன்னார்குடிக்காரருக்கு ஒரு மாதம்.

எல்லாம் சரி என்றால் எதிர்த்தரப்பு கேவியட், அதாவது 'எனக்குத் தெரிவிக்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்ற மனு, போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள். இருந்தால் அவருக்குத் தெரிவிக்காமல் இடைக்கால உத்தரவுக்குப் பட்டியல் போக முடியாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வழக்குக்கு எண் கிடைக்கும். அதைத்தான் 'நம்பர் ஆயிடுச்சு' என்பார்கள்.

கிரிமினல் பக்கம் போட்டார்கள் என்றால் வேகம் வேறு. ஜாமீன் உத்தரவு தட்டச்சாகி வரும்போது குற்ற எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் நீங்கள்தான் கட்டோடு ஒப்பிடுவீர்கள். 214 என்பது 241 என்று போய்விட்டால் சிறைக்காரர்கள் ஆளை விட மாட்டார்கள். விடவும் கூடாது. திருத்துவதற்கு மறுபடியும் அதே நீதிபதி முன்னால் 'ஃபார் பீயிங் மென்ஷன்டு' என்று பட்டியலில் போட்டு, அவர் சொல்லி, திருத்தி, கையெழுத்தாகி... நடுவில் சனி ஞாயிறு வந்தால் ஒருவர் இரண்டு ராத்திரி அதிகமாக உள்ளே இருப்பார். ஆகவே எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். நகல் செக்‌ஷனில் ரீடர், எக்ஸாமினர் என்று இரண்டு பதவிப் பெயர்கள் உண்டு. ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர் நகலில் விரல் வைத்து ஒத்துப்பார்ப்பார். ஜெராக்ஸ் வந்த பிறகு அது போன காலம் என்பார்கள். எண் வரும் இடத்தில் அதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். உயர் நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில்தான், அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு. ஆனால் நீங்கள் எழுதப்போவது கட்டுரை இல்லை. குறை எழுதும் வாசகங்கள் ஒரு முப்பது நாற்பது இருக்கும், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். தமிழ் வழியில் படித்தவர் என்பது அங்கே குறை இல்லை, லாபம். கீழ்க் கோர்ட்டிலிருந்து வரும் சாட்சியம், கிரையப் பத்திரம், பட்டா எல்லாம் தமிழில். பழைய பத்திரத்தில் 'கீழ்புறம் பொறம்போக்கு வாய்க்கால்' என்று இருப்பதை மொழிபெயர்ப்பில் மேற்கு என்று போட்டிருந்தால் கண்டுபிடிப்பது நீங்கள்தான், கான்வென்ட்டில் படித்த பையன் இல்லை.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், கட்டு தூக்குவதும் உண்டு. இ-ஃபைலிங், அதாவது இணையத்தில் தாக்கல் செய்வது, வந்த பிறகு குறைந்திருக்கிறது. ஆனால் கீழ்க் கோர்ட் ரெக்கார்டு மூட்டையாக வந்து இறங்கும்போது யாராவது பிரித்துத்தானே ஆக வேண்டும். அசல் உயில், அசல் கிரையப் பத்திரம் அதில் இருக்கும். ஏ1, பி1 என்று குறியிட்ட ஒவ்வொன்றையும் பட்டியலோடு சரிபார்த்து, இல்லாததை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். பிறகு கேட்டால் 'வரும்போதே இல்லை' என்று சொல்ல உங்களுக்குச் சாட்சி அந்த ஒரு வரிதான்.

தம்புச்செட்டித்தெரு_குமாஸ்தா எழுதியது:

சார் சொன்னதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் கிளார்க்குகளும் இருக்கிறோம் சார், எங்களையும் ஐகோர்ட் கிளார்க் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். என் பையன் பள்ளிக்கூடப் பாரத்தில் 'தந்தை தொழில்: ஐகோர்ட் கிளார்க்' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு டீச்சர் சர்க்கார் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டார். நான் வக்கீல் குமாஸ்தா. சம்பளம் எங்கள் சார் தருவது.

தங்கச்சிக்கு இது ஏன் தெரிய வேண்டும் என்றால், தினமும் நீங்கள் முகம் பார்க்கப்போவது எங்களைத்தான். வக்கீல் கவுன்டருக்கு வர மாட்டார். சாயங்காலம் மறுநாள் காஸ் லிஸ்ட், அதாவது வழக்குப் பட்டியல், வந்ததும் எங்கள் சார் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி, எந்த ஹால், எத்தனையாவது ஐட்டம் என்று டைரியில் எழுதி, அந்தந்தக் கட்டை எடுத்து வைப்போம். ஒரே நேரத்தில் மூன்று ஹாலில் வழக்கு வந்தால் எதற்கு சீனியர், எதற்கு ஜூனியர், எதில் 'பாஸ் ஓவர்' (கொஞ்சம் தள்ளி அழைக்கும்படி) கேட்பது என்று பத்து மணிக்குள் முடிவாக வேண்டும். டைப் ஆகி வந்த பேப்பரை வரிசைப்படுத்தி, பக்க எண் போட்டு, துளை போட்டு, கோணி ஊசியால் நூல் கோத்து, டாக்கெட் (கட்டின் மேலே வரும் விவரக் குறிப்பு) எழுதி முடிப்பதும் நாங்கள்தான். என் விரலைப் பார்த்தாலே தொழில் தெரியும்.

வழக்கு நம்பர் ஆகி, அட்மிட் ஆகி (விசாரணைக்கு ஏற்கப்பட்டு), நோட்டீஸ் உத்தரவானதும் பலர் பெரிய வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அங்கேதான் எனக்கு ஆரம்பம். நோட்டீஸ் அனுப்புவதற்கான கட்டணம், பேட்டா என்போம், அதைக் கட்ட வேண்டும், எதிர்மனுதாரர் விலாசம் எழுதிய கவர் தர வேண்டும். தனியாகவும் நோட்டீஸ் அனுப்ப அனுமதித்திருந்தால் தபாலில் அனுப்பி, கையெழுத்தான அட்டை திரும்பி வந்ததும் அதை அபிடவிட்டோடு (பிரமாணப் பத்திரம்) தாக்கல் செய்ய வேண்டும். அட்டை வராமல் கவரே திரும்பி வரும் பாருங்கள், அதன் மேலே தபால்காரர் எழுதியிருப்பதை முதலில் படிக்க வேண்டும். 'வீடு பூட்டப்பட்டது' என்றால் ஒரு வழி. 'வாங்க மறுத்தார்' என்றால் வேறு வழி. 'இறந்துவிட்டார்' என்று இருந்தால் உடனே சாருக்குப் போன். இறந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போடாவிட்டால் அவர் மட்டில் அப்பீல் அற்றுப்போகும். அந்தக் கவர் ஒரு வாரம் என் மேஜையில் கிடந்தால் அந்த ஒரு வாரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

ஆகவே தங்கச்சி, கவுன்டரில் நாங்கள் அவசரப்பட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்ன குறை என்பதைப் படிக்கும்படி எழுதுங்கள். சிலர் கையெழுத்தைப் படிக்க இன்னொரு செக்‌ஷன்காரரைத் தேட வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்த வந்தவாசி குமாஸ்தா சொன்ன 'பவர்' விஷயம். எங்கள் ஆட்களில் சிலருக்கு அப்படிப் பேசினால்தான் கட்சிக்காரரிடம் கூடுதலாகக் கேட்க வசதி. அவ்வளவுதான்.

வந்தவாசிப்பெண் எழுதியது:

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நாள் கணக்கை நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், மே 17 வந்தது! கணக்குப் படித்தது வீணாகவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, நான் குறை என்று எழுதியதை ஒரு பெரிய வக்கீல் வந்து 'அது குறையே இல்லை' என்று சொன்னால் என்ன செய்வது? நான் சட்டம் படிக்காதவள், அவரோடு எப்படி வாதாடுவது? இரண்டு, எங்கள் அத்தை வீட்டு வழக்கு ஒன்று ஐகோர்ட்டில் கிடக்கிறதாம். நேற்றே போன் பண்ணி, "சேர்ந்ததும் என்னாச்சுன்னு பாத்துச் சொல்லு, முடிஞ்சா சீக்கிரம் எடுக்கச் சொல்லு" என்கிறார்.

பழைய_கட்டு எழுதியது:

முதல் சந்தேகம் நல்ல சந்தேகம். வாதாடவே வேண்டாம். வாதாட உங்களுக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை.

பேப்பரைத் திருப்பலாம், தள்ளுபடி செய்ய முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிளார்க்கின் மொத்த வேலையும் இருக்கிறது. முத்திரை இல்லை, பக்கம் இல்லை, பெயர் விட்டுப்போனது என்பவை கண்ணால் பார்த்துச் சொல்லும் குறைகள். யார் வந்து சொன்னாலும் முத்திரை இல்லையென்றால் இல்லைதான். ஆனால் 'இந்த உத்தரவுக்கு எதிராக இப்படி ஒரு மனுவே போட முடியாது' என்று உங்களுக்குத் தோன்றினால் அது சட்டம் பற்றிய அபிப்பிராயம். அதையும் எழுதலாம். வக்கீல் அதற்குக் கீழே, போட முடியும், இன்ன பிரிவுப்படி, இன்ன தீர்ப்புப்படி என்று எழுதி மறுபடி கொடுப்பார். அவர் பதிலில் உங்களுக்கு, உங்கள் செக்‌ஷன் ஆபீசருக்கு, மேலே உள்ளவர்களுக்குத் திருப்தி என்றால் எண் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் எஸ்.ஆர். எண்ணோடேயே நீதிபதி முன்னால் பட்டியலில் போட்டுவிட வேண்டியது. 'மெயின்டெய்னபிலிட்டி', அதாவது மனு ஏற்கத்தக்கதா என்று தலைப்பிட்டு வரும். அவர் இரண்டு பக்கமும் கேட்டு எண் கொடு என்பார், அல்லது ஏற்க முடியாது என்பார். இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் ஜெயிக்கவும் இல்லை தோற்கவும் இல்லை.

நான் இருந்த காலத்தில் ஒரு சீனியர் வக்கீல், பெரிய குரல். அவருடைய பேப்பரை ஒரு புதுப் பையன் திருப்பிவிட்டான். அவரே நேராக செக்‌ஷனுக்கு வந்துவிட்டார். செக்‌ஷனே எழுந்து நின்றது. பையன் நடுங்கிக்கொண்டே, "சார், நீங்க சொல்றதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார், கோர்ட்டுக்குப் போட்டுடறேன்" என்றான். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், பேனாவை எடுத்தார், அங்கேயே நின்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பையனுக்கு அன்றைக்கு வேலை தெரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எந்த வழக்கு எந்த நீதிபதிக்கு என்பதும் நம் கையில் இல்லை. பணிப் பங்கீடு தலைமை நீதிபதியுடையது. செகண்ட் அப்பீல் யாருக்கு, ஆட்கொணர்வு மனு எந்த டிவிஷன் பெஞ்சுக்கு (இரண்டு நீதிபதிகள் அமர்வு) என்று அவர் போட்ட ரோஸ்டர்படி கட்டு போகும். இதில் விரலை நுழைக்கச் சொல்லி வருபவர்கள் இருப்பார்கள். 'சார், மேல தூக்கி வையுங்க' என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிப்பார்கள். அவசரம் உண்மையாக இருந்தால் அதற்கு வழி கோர்ட்டிலேயே இருக்கிறது. வக்கீல் எழுந்து மென்ஷன் பண்ணட்டும், அதாவது அவசரத்தை நீதிபதியிடமே சொல்லட்டும், நீதிபதி அனுமதித்தால் மத்தியானமே லன்ச் மோஷனாக வரும். அதை உங்கள் மேஜையில் தேட வேண்டியதில்லை.

இனி அத்தை. இது வக்கீலைவிடக் கஷ்டம், ஏனென்றால் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். உங்கள் அத்தைக்குத் தெரிய வேண்டியதில் பெரும்பங்கு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. வழக்கு எண்ணோ ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணோ இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலேயோ அந்த ஆப்பிலேயோ அடுத்த தேதி, போன உத்தரவு எல்லாம் பார்க்கலாம். அத்தை மகனுக்குப் போனில் அதைப் போட்டுக் கொடுத்து விடுங்கள். அதற்கு மேலே ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லக் கூடாது. கையெழுத்தாகாத உத்தரவு, ஒத்திவைத்த தீர்ப்பு, கட்டுக்குள் நீதிபதி எழுதிவைத்த குறிப்பு. தீர்ப்புத் தட்டச்சு செய்யும் பி.ஏ.வுக்கு யார் ஜெயித்தார் என்பது உலகத்துக்கு முன்னால் தெரியும். என் நண்பர் ஒருவர் அந்த வேலையில் இருந்தவர். பெரிய தீர்ப்பு கையில் இருக்கும் நாளெல்லாம் கேன்டீனுக்கே வர மாட்டார். வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்து சேம்பரிலேயே சாப்பிட்டுவிடுவார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். எங்களுக்குத் தெரியும், நாங்களும் கேட்க மாட்டோம்.

அத்தை வழக்குக் கட்டு உங்கள் சீட்டுக்கே வந்துவிட்டால் செக்‌ஷன் ஆபீசரிடம் அன்றைக்கே சொல்லி வேறு ஒருவருக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

லா_காலேஜ்_கேட் எழுதியது:

நடுவில் ஒரு சின்ன விஷயம், தேடிவரும் மற்றவர்களுக்காக. 'லா கிளார்க்' என்று அறிவிப்பு வருவது இந்த வேலை இல்லை. அது சட்டம் படித்து முடித்த இளைஞர்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, தொகுப்பூதியத்தில், ஒரு நீதிபதியின் கீழ். நான் அதில் இருந்தேன். காலையில் அன்றைய பட்டியலில் உள்ள வழக்குகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுப்பது, வாதத்தில் சொன்ன முன் தீர்ப்புகளைத் தேடி எடுத்து அவை இன்னும் செல்லுபடியாகுமா என்று பார்ப்பது, தீர்ப்பு வரைவில் மேற்கோளும் பத்தி எண்ணும் சரியா என்று சரிபார்ப்பது. அந்தப் பணியில் இருக்கும்வரை வக்கீலாக ஆஜராக முடியாது. செக்‌ஷன்காரர்கள் நாள் கணக்கை எங்களைவிட வேகமாகப் போடுவார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் கால்குலேட்டரைத் தேடுவோம், அவர்கள் காலண்டரைப் பார்த்தபடியே சொல்லிவிடுவார்கள்.

வந்தவாசிப்பெண் எழுதியது:

ஐயா, கடைசியாக ஒன்று. உத்தரவு வரும்வரை சும்மா இருக்காமல் ஏதாவது கற்றுக்கொள்ளலாமா? தமிழ்த் தட்டச்சு மட்டும் முடித்திருக்கிறேன்.

பழைய_கட்டு எழுதியது:

ஆங்கிலத் தட்டச்சு ஹையர் கிரேடு முடித்துவிடுங்கள், இன்ஸ்டிடியூட் வந்தவாசியிலேயே இருக்கும். உத்தரவெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் தினமும் கை கொடுக்கும், பின்னால் பதவி உயர்வு நேரத்திலும் உதவும். காலவரையறைச் சட்டம், சின்னப் புத்தகம், பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும். முதல் 24 பிரிவும் பின்னால் உள்ள அட்டவணையில் அப்பீல் பகுதியும் போதும், மற்றதைப் புரட்டாதீர்கள். இ-ஃபைலிங் தளத்தில் வழிகாட்டிக் கோப்புகள் இருக்கும், ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

வந்தவாசியிலிருந்து தினமும் போய்வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கோர்ட் 10.30-க்குத்தான் கூடும், ஆனால் செக்‌ஷனில் அதற்கு முன்னால் கட்டுகள் ஹாலுக்குப் போயிருக்க வேண்டும். பீச் ஸ்டேஷன் அல்லது கோட்டை ஸ்டேஷனுக்கு நேர் ரயில் இருக்கும் இடமாகப் பார்த்து ஹாஸ்டல் பிடியுங்கள்.